செட்டில் இருக்கிற நாலாவது மாத்திரை

கம்பம் பக்கம் காய்ச்சல் வந்தால் ஜனம் முதலில் போகிற இடம் ஆஸ்பத்திரி இல்லை, மெடிக்கல். “காய்ச்சலுக்கு ரெண்டு செட் குடுங்கண்ணே” என்று கேட்டால் போதும். கடைக்காரர் நாலைந்து அட்டைகளிலிருந்து ஒவ்வொரு மாத்திரையாகக் கத்தரித்து, காகிதத்தில் மடித்துத் தருவார். காலைக்கு ஒரு பொட்டலம், ராத்திரிக்கு ஒரு பொட்டலம். பிரித்துப் பார்த்தால் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் ஒன்று, சளிக்கு ஒன்று, வயிறு எரியாமல் இருக்க ஒன்று. நாலாவதாக ஒரு ஆன்டிபயாடிக் இருக்கும். அந்த நாலாவது மாத்திரையைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் கம்பத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் லேப் டெக்னீஷியன். எங்களிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள். விடிவதற்குள் தூக்குச்சட்டியோடு ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ கேரளத்துக்குள் போய், வண்டன்மேடு, புளியன்மலை, ஆனக்கரை என்று ஏலத்தோட்டங்களில் காய் எடுத்துவிட்டு, பொழுது சாய இறங்கி வருவார்கள். ஜூன் பிறந்து மலையில் மழை பிடித்துவிட்டால் எங்கள் வாசலில் காய்ச்சல்காரர்கள் வரிசை நீண்டுவிடும். அதில் பலர் ஏற்கெனவே இரண்டு மூன்று செட் விழுங்கிவிட்டுத்தான் வருகிறார்கள். “கிருமி மாத்திரையும் போட்டாச்சு தாயி, ஆனாலும் விடமாட்டேங்குது” என்பார்கள்.

எந்தக் கிருமி என்று யாரும் அவர்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள். நம் பேச்சில் கிருமி என்பது ஒற்றைச் சொல். அதற்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு சாதிகள் இருக்கின்றன. ஒன்றைக் கொல்கிற மருந்து மற்றதைத் தொடவே தொடாது.

பாக்டீரியா ஒரு முழு உயிர். ஒரே ஒரு செல்தான். ஆனால் தின்னவும், கழிவை வெளியேற்றவும், புரதம் தயாரிக்கவும், இரண்டாகப் பிளந்து பெருகவும் வேண்டியதெல்லாம் அந்த ஒரு செல்லுக்குள்ளேயே இருக்கிறது. 1676-இல் ஹாலந்தில் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லேவன்ஹூக், தன் கையால் தேய்த்த லென்ஸ் வழியாக அவற்றை முதன்முதலில் பார்த்தார். நம் குடலில் வாழும் இ.கோலை பாக்டீரியாவுக்குச் சூடும் தீனியும் சரியாகக் கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். பாக்டீரியா என்றாலே நோய் என்று எண்ணிவிட வேண்டாம். இட்லி மாவு பொங்குவதும் பால் தயிராவதும் அவற்றால்தான். நம் குடலிலும் தோலிலும் கோடானுகோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அவை அந்தந்த இடத்தில் இருக்கும்வரை நமக்கு நன்மைதான்.

என் வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது கிராம் சாயம் போட்டுப் பார்ப்பது. சளியையோ சீழையோ ஸ்லைடில் மெல்லிசாகத் தடவிக் காயவைத்து, ஸ்பிரிட் விளக்கின் சுடரில் இரண்டு மூன்று தடவை காட்டி எடுப்போம். அதன்மேல் கிரிஸ்டல் வயலட், ஒரு நிமிடம். கழுவிவிட்டு அயோடின், இன்னொரு நிமிடம். அடுத்து ஸ்பிரிட். இங்கேதான் கை பழகியிருக்க வேண்டும். சில விநாடி கூடிப்போனால் தங்க வேண்டிய நிறமும் ஓடிவிடும், குறைந்துபோனால் ஓட வேண்டிய நிறமும் தங்கிவிடும். கடைசியில் சஃப்ரனின் என்கிற சிவப்புச் சாயம். காயவைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் சில பாக்டீரியாக்கள் கருநீலத்தில் கொத்துக் கொத்தாகவோ ஜோடி ஜோடியாகவோ தெரியும். சில இளஞ்சிவப்புக் குச்சிகளாகக் கிடக்கும். கருநீலம் தங்கியவற்றுக்கு வெளிச்சுவர் தடிமன். கிராம் பாசிட்டிவ் என்போம். கரைந்துபோய்ச் சிவப்பேறியவற்றுக்குச் சுவர் மெலிசு, அதற்கு வெளியே இன்னொரு படலம்; அவை கிராம் நெகட்டிவ். டென்மார்க் டாக்டர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-இல் பெர்லினில் கண்டுபிடித்த முறை இது. இன்றைக்கும் எந்த மருந்து பலிக்கலாம் என்று டாக்டருக்கு முதல் துப்புக் கொடுப்பது இந்த நிறம்தான், அதுவும் கால்மணி நேரத்துக்குள்.

அதே சளியில் வைரஸ் நிறைந்து கிடந்தாலும் என் மைக்ராஸ்கோப்பில் ஒன்றும் தெரியாது. அளவு அப்படி. இ.கோலையை வரிசையாக அடுக்கினால் ஒரு மில்லிமீட்டருக்கு சுமார் 500 தேவை. டெங்கு வைரஸ் என்றால் சுமார் 20,000 வேண்டும். சாதாரண ஒளியால் அதைக் காட்டவே முடியாது. வைரஸ் இருக்கிறது என்ற செய்தியே மனிதருக்கு ஒரு செடியின் வழியாகத்தான் கிடைத்தது. புகையிலை இலையில் தேமல் விழும் நோய் ஒன்று. 1892-இல் ரஷ்யாவின் இவனோவ்ஸ்கி அந்த இலைச் சாற்றை பாக்டீரியா நுழைய முடியாத பீங்கான் வடிகட்டியில் வடித்தார். வடித்த சாறும் நல்ல செடிக்கு நோயைக் கொடுத்தது. 1898-இல் ஹாலந்தின் பெயரிங்க் இது பாக்டீரியாவே அல்ல, வேறொரு வகை என்று சொன்னார். அதன் உருவத்தை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்க்க 1939 வரை ஆனது.

வைரஸ் தின்னாது, மூச்சு விடாது, தானாகப் பெருகாது. மரபுச் செய்தி கொஞ்சம், அதைச் சுற்றி ஒரு புரத உறை. சில வகைகளுக்கு அதற்கு மேல் ஒரு கொழுப்புப் படலம். வெளியே கிடக்கும்போது வெறும் துகள். நம் செல்லுக்குள் புகுந்துவிட்டால், நமக்காகப் புரதம் தயாரித்துக்கொண்டிருந்த அதே ஏற்பாட்டைத் தன் நகல்களைத் தயாரிக்க வைத்துவிடும்.

மலைக்குப் போகிற அக்காமார்களுக்கு இதைப் புரியவைக்க நான் பாடம் நடத்துவதில்லை. ஏலத்துக்கு வரும் நோயைக் கேட்பேன். அழுகல் வந்தால் என்ன செய்வீங்க? “தொரைமாரு காலத்துல இருந்து அதுக்கு மருந்து அடிக்கிறதுதானே” என்பார்கள். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை. சரி, கட்டே நோய் வந்தால்? இலை நரம்போரம் வெளிர்ப்பச்சைக் கோடுகள் ஓடி, தூர் வரவரச் சூம்பிப் போகுமே, அதற்கு என்ன மருந்து? “அதுக்கேது மருந்து? பிடுங்கிப் போட்டுக் கொளுத்த வேண்டியதுதான். பக்கத்துத் தூரையும் பார்க்கணும்.” அழுகலை உண்டாக்குவது பூஞ்சையைப் போன்ற ஒரு கிருமி, அதற்கென்று ஓர் உடம்பு உண்டு, மயில்துத்தத்தில் இருக்கிற தாமிரம் அதைத் தாக்கும். கட்டே ஒரு வைரஸ், அசுவினிப் பூச்சி பரப்புவது. செடியின் செல்லுக்குள் புகுந்துவிட்ட அதன்மேல் எதைத் தெளித்தாலும் பயன் கிடையாது. அசுவினியைக் கட்டுப்படுத்தலாம், நோய் இல்லாத கன்றாகப் பார்த்து நடலாம், அவ்வளவுதான். படிக்காமலேயே இந்த விஷயம் அவர்களுக்கு அத்துபடி. தங்கள் உடம்பு என்று வரும்போது மட்டும் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தை அடிக்க விட்டுவிடுகிறார்கள்.

ஆன்டிபயாடிக் வேலை செய்கிற விதத்தைப் பார்த்தால் அது வைரஸை ஏன் தொடாது என்பது விளங்கிவிடும். பென்சிலினும் அமாக்சிசிலினும் பாக்டீரியா தன் சுவரைக் கட்டவிடாமல் தடுக்கின்றன. நம் செல்லுக்கு அந்தச் சுவரே கிடையாது; அதனால் நமக்குச் சேதமில்லை. சிப்ரோஃப்ளாக்சசின், பாக்டீரியாவின் டிஎன்ஏ முறுக்கை அவிழ்த்துச் சீராக்கும் நொதியை முடக்குகிறது. அசித்ரோமைசினும் டாக்சிசைக்ளினும் பாக்டீரியாவின் ரைபோசோமில், அதாவது புரதம் தயாராகும் இடத்தில், போய் ஒட்டிக்கொண்டு வேலையை நிறுத்துகின்றன. நமக்கும் ரைபோசோம் உண்டு. ஆனால் அமைப்பு வேறு. இந்த வேறுபாட்டை அணு அணுவாகப் படம்பிடித்தவர்களில் ஒருவர் நம் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். ரைபோசோமில் ஆன்டிபயாடிக்குகள் எங்கே உட்காருகின்றன என்று காட்டியதும் அந்த ஆராய்ச்சியின் ஒரு பகுதி. 2009-இல் அவருக்கும் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனாத் இருவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது.

வைரஸிடம் சுவர் கிடையாது. ரைபோசோமும் கிடையாது, நம்முடையதைத்தான் பயன்படுத்துகிறது. பென்சிலினும் அசித்ரோமைசினும் போய் ஒட்டுவதற்கு அதனிடம் இடமே இல்லை. டோஸைக் கூட்டினாலும் விலை உயர்ந்ததாக மாற்றினாலும் ஊசியாகப் போட்டாலும் நிலைமை மாறாது.

மலைக் காய்ச்சல்களில் மூன்றை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். மூன்றும் தொடக்கத்தில் ஒரே மாதிரிதான் வரும்: திடீர்க் காய்ச்சல், மண்டையிடி, உடம்பெல்லாம் அடித்துப்போட்ட வலி. வைத்தியம் மூன்றுக்கும் வேறு வேறு.

டெங்கு வைரஸால் வருவது. அதைக் கொல்கிற மருந்து இன்றுவரை நம் ஆஸ்பத்திரிகளில் கிடையாது. பாராசிட்டமால், நீர்ச்சத்து, கண்காணிப்பு, தேவைப்பட்டால் அளவறிந்து டிரிப்ஸ். ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபனும் ரத்தக்கசிவைக் கூட்டும் என்பதால் கூடவே கூடாது; உடம்பு வலிக்கென்று செட்டில் சேர்க்கும் மாத்திரையில் அந்த வகையறாவும் இருந்துவிடுகிறது என்பது தனிக் கவலை. டெங்குவில் பயப்பட வேண்டிய நேரம் காய்ச்சல் இறங்குகிற நேரம். அதையொட்டிய ஒன்றிரண்டு நாளில்தான் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து அழுத்தம் விழும். கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுதல், சோர்ந்து சுருண்டு படுத்தல், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். காய்ச்சல் விட்டுவிட்டது என்று மறுநாளே ஜீப் ஏறுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு அடிவயிறு கலங்கும்.

எலிக்காய்ச்சல் பாக்டீரியாவால் வருவது. லெப்டோஸ்பைரா என்று பெயர். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரும் சேறும் காலில் இருக்கிற சின்னக் காயம் வழியாக அதை உள்ளே அனுப்பிவிடும். மழையில் அட்டை கடித்த புண்ணோடு சேற்றில் நிற்கிறவர்களுக்கு வேறென்ன வேண்டும்? கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, முற்றினால் மஞ்சள் காமாலை, சிறுநீரகக் கோளாறு. டாக்சிசைக்ளினும் பென்சிலினும் நன்றாகக் கேட்கும், நேரத்தோடு தொடங்கினால். கேரளத்தில் சேற்றிலும் வெள்ளத்திலும் வேலை செய்பவர்களுக்கு நோய் வருமுன்பே வாரம் ஒருமுறை டாக்சிசைக்ளின் கொடுக்கிறார்கள். 2018 வெள்ளத்தின்போது மீட்புப் பணிக்குப் போனவர்களுக்கு ஊர் ஊராக அதை விநியோகித்தார்கள்.

மூன்றாவது உண்ணிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ். புல்லிலும் புதரிலும் இருக்கிற கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு கடிப்பதால் வரும். இதுவும் பாக்டீரியாதான், ஆனால் நம் செல்லுக்குள்ளேயே போய் வாழ்கிற வகை. அதனால் அமாக்சிசிலினோ செபிக்ஸைமோ கொடுத்தால் கேட்காது. டாக்சிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் வேண்டும். தொடக்கத்திலேயே கொடுத்தால் ஒன்றிரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். விட்டுவிட்டால் நுரையீரல், மூளை, சிறுநீரகம் என்று இழுத்துக்கொண்டு போகும். நிலை முற்றியவர்களுக்கு இரண்டு மருந்தையும் சேர்த்து ரத்தத்தில் ஏற்றுவதே மேல் என்று, வேலூர் சிஎம்சி டாக்டர்கள் முன்னின்று இந்திய ஆஸ்பத்திரிகளில் நடத்திய ஆய்வு 2023-இல் காட்டியது. உண்ணி கடித்த இடத்தில் பலருக்கு ஒரு கருத்த பொருக்கு இருக்கும், சுற்றிலும் சிவந்த வளையம். வலிக்காது, அரிக்காது, அதனால் தெரியவும் தெரியாது. பாவாடை நாடா கட்டுகிற இடுப்பு, அக்குள், மார்புக்கு அடியில், தொடை இடுக்கு என்று மறைவான இடமாகப் பார்த்துத்தான் இருக்கும். ஆண் டாக்டரிடம் காட்டக் கூச்சப்பட்டு நம் பெண்கள் சொல்லாமல் வந்துவிடுகிறார்கள். ரத்தம் எடுக்கும்போது நான் திரையை இழுத்துவிட்டுக் கேட்பேன்: “பெரியம்மா, உடம்புல எங்கயாச்சும் கருப்பாப் பொருக்கு இருக்கா?” இருந்தால் அதைச் சீட்டின் ஓரத்தில் எழுதி டாக்டருக்கு அனுப்புவேன். எத்தனையோ டெஸ்ட்டை விட அந்த ஒரு வரி வேகமானது.

இந்த மூன்று பேருக்கும் ஒரே செட்டைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். டெங்குக்காரருக்கு நாலாவது மாத்திரையால் ஒரு பயனும் இல்லை. உண்ணிக்காய்ச்சல்காரருக்கு அது தவறான ஆன்டிபயாடிக்காக இருக்கவே வாய்ப்பு அதிகம். எலிக்காய்ச்சல்காரருக்குச் சரியானதே கிடைத்தாலும் இரண்டு பொட்டலத்தோடு நின்றுவிடும்.

வைரஸுக்கு மருந்தே இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது; ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக. நம் செல்லைச் சேதப்படுத்தாமல் அதற்குள் இருக்கிற வைரஸை மட்டும் நிறுத்துவது கடினம் என்பதால் எண்ணிக்கை குறைவு. அக்கிக்கும் சின்னம்மைக்கும் கொடுக்கிற ஏசைக்ளோவிர், அந்த வைரஸின் நொதி தொட்ட பிறகே மருந்தாக மாறும். அதை உருவாக்கிய குழுவின் கெர்ட்ரூட் எலியன் 1988-இல் நோபல் பெற்றார். ஃப்ளூவுக்கு ஓசெல்டமிவிர், முதல் இரண்டு நாளுக்குள் தொடங்கினால் நல்ல பலன். எச்ஐவிக்குத் தினமும் கூட்டு மருந்து எடுத்தால் முழு ஆயுசும் வாழலாம். ஹெபடைட்டிஸ் சி-யை இன்று பெரும்பாலும் 12 வார மாத்திரையில் முழுசாகக் குணமாக்கிவிட முடிகிறது. மற்றபடி வைரஸோடு போராட நமக்கு வாய்த்த பெரிய ஆயுதம் தடுப்பூசி. பெரியம்மை உலகை விட்டே ஒழிந்ததாக 1980-இல் அறிவிக்கப்பட்டதும், 2014-இல் இந்தியாவுக்குப் போலியோ இல்லாத சான்று கிடைத்ததும் அதனால்தான். நாய்க்கடிக்கு உடனே ஊசி போடச் சொல்வதும் ரேபிஸ் தலைக்கேறிவிட்டால் பிறகு வைத்தியமே இல்லை என்பதால்தான்.

2018 மே மாதம் கோழிக்கோட்டுப் பக்கம் நிபா வந்தபோது மலையாள நாட்டு எல்லைச் சாவடிகளில் எல்லாம் பரிசோதனை நடந்தது. பேராம்பிராவில் நோயாளிகளைப் பராமரித்த செவிலியர் லினி அந்தக் காய்ச்சலிலேயே இறந்தார். அது வவ்வாலிடமிருந்து வரும் வைரஸ். எந்த ஆன்டிபயாடிக்கும் அவரைக் காப்பாற்றியிருக்க முடியாது. தொற்றியவர்களைத் தனிமைப்படுத்தி, அவர்களோடு பழகியவர்களைத் தேடிக் கண்காணித்து, அந்த வழியில்தான் கேரளம் அந்தப் பரவலை நிறுத்தியது.

இதைச் சொல்வதால் ஆன்டிபயாடிக்கே ஆகாது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. தொண்டை வலி பெரும்பாலும் வைரஸால்; ஆனால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவால் வந்ததாக இருந்து, குழந்தைக்கு அதைக் கவனிக்காமல் விட்டால் ருமாட்டிக் காய்ச்சலாகி இதய வால்வையே கெடுத்துவிடும். வைரஸ் காய்ச்சல் வந்து தளர்ந்த நுரையீரலில் பாக்டீரியா நிமோனியா பின்னாலேயே வந்து உட்காரும். 1918 ஃப்ளூவில் இறந்தவர்களில் பெரும்பாலோரின் உயிரை எடுத்தது அந்த இரண்டாவது தொற்றுதான் என்று பிற்காலத்தில் திசுக்களை ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். நிமோனியாவுக்கும் டைபாய்டுக்கும் மூளைக்காய்ச்சலுக்கும் ஆன்டிபயாடிக்கைத் தாமதிக்கவே கூடாது. அந்த மாதிரி நேரத்தில் அது பலிக்க வேண்டுமே என்பதற்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

போன மழைக்காலத்தில் ஒரு பெரியம்மா வந்தார். நீர்க்கடுப்பு, இடுப்பு வலி, குளிர் காய்ச்சல். ஏலத்தோட்டத்தில் ஒதுங்க மறைவிடம் இல்லாததால் பகல் முழுக்கத் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்ட பெண்கள் ஏராளம். சிறுநீர்த் தொற்றுக்கு அதைவிட வசதி வேறில்லை. சிறுநீரை, பாக்டீரியா வளர்க்கிற மெக்கான்கி பிளேட்டில் இழுத்து இன்குபேட்டரில் வைத்தேன். மறுநாள் காலையில் பிளேட் முழுக்க ரோஜா நிறத்தில் புள்ளிகள், இ.கோலை. அதிலிருந்து கொஞ்சம் எடுத்து இன்னொரு பிளேட்டில் பஞ்சுக் குச்சியால் சீராகப் பூசி, அதன்மேல் ஆன்டிபயாடிக் தோய்த்த சின்னச் சின்ன டிஸ்க்குகளை இடைவெளி விட்டு வைத்தேன். மருந்து கேட்டால் டிஸ்க்கைச் சுற்றி எதுவும் முளைக்காமல் தெளிவான வட்டம் விழும். ஸ்கேல் வைத்து மில்லிமீட்டரில் அளப்போம். மூன்றாம் நாள் எடுத்துப் பார்த்தேன். ஆம்பிசிலின், செபிக்ஸைம், சிப்ரோ எல்லாவற்றையும் சுற்றி டிஸ்க்கின் விளிம்பு வரை மொழுமொழுவென்று வளர்ந்திருந்தது. அமிகாசினுக்கும் நைட்ரோஃபுரான்டாயினுக்கும் மட்டும் வட்டம். இடுப்பு வலியும் குளிரும் இருந்ததால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கும் என்று டாக்டர் சந்தேகப்பட்டார். நைட்ரோஃபுரான்டாயின் அங்கே போதிய அளவு சேராது. மாத்திரையில் முடிந்திருக்க வேண்டியதற்கு ஊசிக்காகப் படுக்கையில் சேர வேண்டியதாயிற்று. “தும்முனாக்கூட மாத்திரை வாங்கித் தின்னுருக்கேனே தாயி, அதெல்லாம் எங்க போச்சு?” என்று கேட்டார்.

எங்கே போனது என்பதுதான் இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்ல வந்தது. சளிக்குத் தின்ற நாலாவது மாத்திரை சளி வைரஸை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அது சும்மாவும் போகவில்லை. குடலுக்குப் போய் அங்கே குடியிருந்த பாக்டீரியாக்களில் மருந்துக்கு மசிகிறவற்றை எல்லாம் கொன்றது. மசியாதவை மிஞ்சின, இடம் காலியானதால் அவை பெருகின. அந்த எதிர்ப்புத் திறனுக்கான மரபுச் செய்தியை ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்கு, சாதி விட்டுச் சாதி கூட, கைமாற்றிக்கொடுக்கும். ஒவ்வொரு சளிக்கும் இது நடந்து, கடைசியில் அந்தக் குடலிலிருந்துதான் ஒரு கிருமி சிறுநீர்ப்பையில் ஏறுகிறது. சிறுநீர்த் தொற்று பெரும்பாலும் நம் சொந்தக் குடல் இ.கோலையால்தான் வருகிறது.

அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1928-இல் பென்சிலினைக் கண்டார். 1945-இல் நோபல் வாங்கிய மேடையிலேயே, குறைந்த அளவில் கொடுத்தால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்று எச்சரித்தார். அதற்கு நாலு வருஷம் முன்னால் ஆக்ஸ்ஃபோர்டில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரர், உடம்பெல்லாம் சீழ் பிடித்துக் கிடந்தவர், பென்சிலின் ஏற்றியதும் தேறினார். கையிருப்பு தீர்ந்தது. அவர் சிறுநீரில் வெளியேறிய மருந்தைக்கூடப் பிரித்தெடுத்து மறுபடி ஏற்றினார்கள். அதுவும் தீர்ந்துபோய் அவர் இறந்துவிட்டார். துளியாகச் சேகரித்துக் காத்த மருந்து அது. 2019-இல் மட்டும் உலகில் மருந்துக்கு மசியாத பாக்டீரியாவால் நேரடியாக இறந்தவர்கள் சுமார் 12.7 லட்சம் என்று ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. அதில் நம் நாட்டுக்காரர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதை எங்கள் பிளேட்டுகளைப் பார்க்கிற எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம் கொஞ்ச காலமாக ஒரு மாற்றம் தெரிகிறது. ஆன்டிபயாடிக் எதிர்ப்புக்கென்று 2018-இலேயே மாநில அளவில் செயல்திட்டம் போட்ட முதல் மாநிலம் கேரளம். 2024 ஜனவரியில் ஆபரேஷன் அம்ரித் என்ற பெயரில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் கடைகளில் சோதனை தொடங்கினார்கள். சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் தரமாட்டோம் என்று கடையில் எழுதி ஒட்ட வேண்டும். ஆன்டிபயாடிக்கைத் தனியாக நீல உறையில் போட்டுக் கொடுக்கும் ஏற்பாடும் வந்தது. சட்டம் நமக்கும் அதேதான். செபிக்ஸைம் மாதிரியான மருந்துகள் 2014 முதல் எச்1 பட்டியலில் இருக்கின்றன. யாருக்குக் கொடுத்தோம், எந்த டாக்டர் எழுதினார் என்று கடைக்காரர் பதிவேடு வைக்க வேண்டும். ஆனால் குமுளியில் சீட்டுக் கேட்டு மறுத்த மாத்திரையை, மலை இறங்கி வந்து இங்கே கேட்டால் கிடைத்துவிடுகிறது. அட்டையில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு அச்சடித்திருப்பார்கள். 2016-இல் மத்திய சுகாதார அமைச்சகம் அந்தக் கோட்டைப் பற்றிப் பெரிதாகப் பிரச்சாரமே செய்தது. செட் போடுகிற கத்தரிக்கோல் அந்தக் கோட்டையும் பெயரையும் தேதியையும் சேர்த்தே வெட்டிவிடுகிறது. பொட்டலத்தில் வருகிற மாத்திரைக்குப் பெயரே இல்லை. பிறகு டாக்டர் “என்ன மாத்திரை போட்டீங்க?” என்று கேட்டால் “வெள்ளையா நீளமா இருந்துச்சு” என்பதைத் தவிர அவர்கள் என்னதான் சொல்வார்கள்?

மாத்திரைக்கு இவர்கள் ஆசைப்பட்டு அலைவதாக நான் நினைக்கவில்லை. ஒருநாள் வேலை போனால் ஒருநாள் கூலி போச்சு. அரசு ஆஸ்பத்திரி ஓபி நேரத்தில் இவர்கள் மலையில் இருக்கிறார்கள். இறங்கி வரும் நேரத்துக்கு மெடிக்கல் மட்டும் திறந்திருக்கிறது. சாயங்காலம் ஜீப் வந்து நிற்கிற இடங்களில் ஒரு டாக்டரும் ஒரு லேப் மேசையும் இருந்தால், செட் வியாபாரம் பாதி தானாகக் குறையும் என்று உறுதியாக நம்புகிறேன். வேலை செய்யும் இடத்தில் கழிப்பறையும் கால்முழுக்க ரப்பர் பூட்ஸும் கொடுக்கச் செய்தால், அந்தக் காய்ச்சல்களில் சில வரவே வராது.

அதுவரை காய்ச்சலோடு யாரிடம் போனாலும், மலையில் என்ன வேலை, எத்தனை நாளாகக் காய்ச்சல், பூச்சியோ உண்ணியோ கடித்ததா, ஏற்கெனவே என்ன மாத்திரை போட்டோம் என்பதைக் கேட்காமலேயே சொல்லிவிடுங்கள். டாக்டர் இது வைரஸ், தானாகச் சரியாகும் என்றால், மறுபடி எப்போது வர வேண்டும், எந்த அறிகுறிக்குப் பயப்பட வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆன்டிபயாடிக் எழுதினால் எத்தனை நாள் என்பதையும் கேளுங்கள். நிமோனியாவுக்கே பலருக்கு ஐந்து நாள் போதும் என்று புதிய ஆய்வுகள் சொல்கின்றன; காசநோய்க்கு ஆறு மாதம். அந்த நாள் கணக்கை டாக்டர் வைக்கட்டும். மிஞ்சிய மாத்திரையைப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம்.

யூரின் கல்ச்சர், அதாவது சிறுநீரில் இருக்கிற பாக்டீரியாவை வளர்த்துப் பார்க்கிற டெஸ்ட், எழுதிக்கொடுத்தால், ஆன்டிபயாடிக்கின் முதல் மாத்திரையைப் போடுவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். நன்றாகக் கழுவிக்கொண்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதை நாங்கள் தரும் மூடி போட்ட டப்பாவில் பிடிக்க வேண்டும். வீட்டு மருந்து பாட்டில் வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்கு வந்துசேர வேண்டும். முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைத்துக் கொண்டு வரலாம், ஃப்ரீசரில் கூடாது. ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குள் மருந்து தொடங்குவதா, காத்திருப்பதா என்பதை டாக்டர் சொல்வார். ரிப்போர்ட் வந்ததும் அவசியம் அவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள், சிலசமயம் மாத்திரையை மாற்றவே வேண்டியிருக்கும்.